கண்ணகையின் கால் அளவு

வாகரைப் பக்கத்துச் சண்டையில் ஷெல் பட்டு அழகரத்தினத்தின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அகதி முகாமிலிருந்து சொந்த ஊரான பனிச்சங்கேணிக்குத் திரும்பியபோது பொய்க்காலும் ஒரு பழைய சைக்கிளும் கிடைத்தன. முன்போல ஊர் ஊராக மீன் விற்கலாம் என்று நம்பினான்.

சீட்டைத் தன் பழைய உயரத்துக்கே வைத்தான். வலது காலுக்கு அது சரியாக இருந்தது. ஆனால் நிறுத்தும்போது பொய்க்கால் நிலத்தில் ஊன்றாமல் மீன் பெட்டியோடு சரிந்து விழுந்தான். சீட்டை இறக்கினான். இப்போது மிதிக்க மிதிக்க முழங்கால் அதிகமாக மடங்கி, பொய்க்காலின் விளிம்பு தோலை அறுத்தது. மாலையில் கழற்றியபோது உள்ளே சுற்றியிருந்த துணியெல்லாம் இரத்தம்.

மனைவி கண்ணகை புண்ணைக் கழுவினாள்.

"இனி நான் போறன். நீங்க கரையில மீன வாங்கித் தாங்க."

"நான் என்ன செத்தா போனன்?"

"செத்திருந்தா கேக்காமலே போயிருப்பன்."

சில நாள் கழித்து, வீட்டில் அரிசி முடிந்த காலை, ஸ்பனரை எடுத்துச் சீட்டின் நட்டைத் தளர்த்திக் கண்ணகையைக் கூப்பிட்டான்.

"ஏறு புள்ள. குதிக்கால மிதியில வை. கால் நிமிருதா?"

"எட்டுதில்ல."

இன்னும் இறக்கினான்.

"இப்ப?"

"ஓம், நிமிருது."

நட்டை இறுக்கிப் பூட்டினான். அவள் பெட்டியோடு பாலத்தைக் கடந்து மறைந்த பிறகு, பொய்க்காலைக் கழற்றி மணலில் போட்டுவிட்டு, களப்பு நீரின் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதான்.