அதிபர் தின்ற பொங்கல்

காலையில் புல் போடப் போன மிதுனனைக் கண்டதும் ஐந்து பசுக்கள் ஓடி வந்தன. அதிபர் வரவில்லை. வேலியோரம் பனிக்குள் படுத்தே கிடந்தது.

அதிபரும் ஒரு பசுதான். பெல்ற்றட் கலோவே இனம். உடம்பு முழுக்கக் கறுப்பு, நடு உடம்பைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டி. ஸ்கொட்லாந்துக் குளிரில் உருவான இறைச்சி மாட்டினம். கொட்டகை திறந்திருந்தாலும் உள்ளே போகாது, முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடக்கும். தான் தின்று முடியும் வரை மற்ற ஐந்தையும் கிட்ட விடாது. அதைப் பார்த்துத்தான் மிதுனனின் மனைவி நதீஷா அந்தப் பெயரை வைத்தாள். அவளுடைய அம்மா பாலேஸ்வரி ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தையே தலைமையேற்று நடத்திய அதிபர். மாட்டின் பெயர் அம்மாவின் காதுக்கு எட்டாமல் அவள் பார்த்துக்கொண்டாள்.

நதீஷா ஆகஸ்டில் போனாள். மூளையில் ஒரு நரம்பு வெடித்தது. காலையில் தேத்தண்ணி குடித்தவள் மத்தியானம் இல்லை. ஆட்கள் கேட்டபோது மிதுனனும் அவ்வளவுதான் சொன்னான்.

மாடுகள் அவளுடைய யோசனை. விவசாயக் கல்லூரியில் படித்த இடத்தில் பிடித்துக்கொண்டது. நகர எல்லையில், ரூஜ் காட்டோரம் ஒரு பழைய பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார்கள். மேய்ச்சல் நிலத்தின் மேட்டில் ஏறினால் நகரத்தின் மல்வேர்ன் பக்கத்து மாடிக் கட்டடங்கள் தெரியும். நல்ல வெள்ளைப் பட்டி உள்ள கன்றுகளைப் பெருக்கி மற்றப் பண்ணைகளுக்கு விற்பது அவள் கனவு. பட்டி உடைந்த கன்று இறைச்சிக்குப் போகும். போன ஜூனில் அவளே தேடி ஒரு காளையின் விந்தை வரவழைத்து அதிபருக்குப் போடுவித்தாள். இப்போது அதிபர் ஏழு மாதச் சினை. அவள் தொடங்கி வைத்தவற்றில் இன்னும் முடியாமல் இருந்தது அந்தக் கன்று ஒன்றுதான். அது பிறக்கும் வரைக்கும்தான் மிதுனனும் பொறுத்திருந்தான். பிறகு எல்லாவற்றையும் விற்றுவிடுவான். பக்கத்து ஊரான ஸ்ரூவ்வில்லில் ஒருவர் வாங்கக் காத்திருந்தார்.

கிட்டப் போனான். அதிபர் பல்லை நறநறவென்று கடித்தது. கண் உள்ளே போயிருந்தது. இடப்பக்க வயிறு ஊதிக் கிடந்தது. வாலடியில் சாம்பல் நிறத்தில் கழிந்திருந்தது, புளித்த மணம்.

மிருக வைத்தியரை அழைத்தான். என்ன தின்றது என்று அவர் கேட்டார். காய்ந்த புல், வேறொன்றும் இல்லை என்றான். வருவதாகச் சொல்லி வைத்தார்.

கைபேசியைப் பைக்குள் வைக்கும்போதுதான் காலடியைப் பார்த்தான். மிதிபட்ட பனியில் மஞ்சளாகச் சில சோற்றுப் பருக்கைகள் உறைந்திருந்தன. ஒரு முந்திரிவற்றலும்.

நேற்றுப் பட்டிப்பொங்கல், மாடுகளுக்குப் பொங்கிப் படைக்கும் நாள்.

ஆண்டுத்திவசம் முடியாத வீடு. இந்த வருடம் பொங்கல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நேற்று மத்தியானம் மாமனார் இரத்தினவேல் தன் வான் வண்டியில் மாமி பாலேஸ்வரியைக் கொண்டுவந்து இறக்கினார். கூடவே ஒரு பெரிய அண்டா, துணியால் வாய் கட்டியது.

"எங்களுக்குத்தான் தம்பி துடக்கு. வாயில்லாச் சீவனுக்கு என்ன துடக்கு?" என்றார் மாமி. வாக்குவாதம் செய்ய மிதுனனுக்குத் தெம்பில்லை. வேலைக்கு ஒன்லைனில் ஒரு கூட்டம் இருந்தது, உள்ளே போய்விட்டான். மாமனார் இரவு வேலைக்கென்று திரும்பிப் போனார். பனி கொட்டியதால் மாமி தங்கிவிட்டார்.

வீட்டுக்குள் வந்தான். மாமி குசினியில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாமி, நேற்று மாட்டுக்கு எவ்வளவு குடுத்தனீங்கள்?"

"கொஞ்சம். ஏன்?"

"ஒண்டு எழும்புதில்லை."

மாமியின் கை நின்றது. "எது?"

"பெரிசு. வயித்தில கண்டு இருக்கிறது."

மாமி மேலே ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு நதீஷாவின் பூட்ஸுக்குள் காலை விட்டார். பூட்ஸ் பெரிது. பனியில் இழுத்து இழுத்து அவன் பின்னால் வந்தார்.

மிதுனன் மாட்டின் கழுத்தில் கயிறு போட்டு இழுத்தான். பின்னால் போய்த் தள்ளினான். அசையவில்லை. "எழும்பு. அதிபர்! எழும்பு எண்டுறன்!"

"ஆரைத் தம்பி கூப்பிடுறியள்?"

அவன் தள்ளுவதை நிறுத்தவில்லை. "மாட்டைத்தான்."

"ஆர் வைச்ச பேர்?"

"நதீஷா."

மாமி மாட்டின் பின்பக்கம் வந்தார். "நேற்றுப் பாத்தனான். மற்றதுகளை முட்டி முட்டிக் கலைச்சுது," என்றார். "வாயாடிப் பெட்டை. எனக்கெண்டே பேர் தேடி வைச்சிருக்கிறாள்." பிறகு குனிந்து மாட்டின் வாலடியில் கையைக் கொடுத்தார். "பிடியுங்கோ. ரெண்டு பேருமாத் தூக்குவம்."

அதிபர் தள்ளாடி எழும்பியது. இருவரும் இரண்டு பக்கமும் முண்டு கொடுத்துக் கொட்டகைக்குக் கூட்டிவந்தார்கள். அது முரண்டு பிடிக்காமல் கொட்டகைக்குள் நுழைந்ததைப் பார்த்ததும்தான் மிதுனனுக்குப் பயம் வந்தது. ஆகஸ்டுக்குப் பிறகு அவன் எதற்கும் பயப்பட்டதில்லை.

வைத்தியர் ஓர் இளம் பெண். வயிற்றில் ஸ்ரெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். தானியம் தின்றிருக்கிறது என்றார். மிதுனன் சொன்னான்: அரிசி, பயறு, சர்க்கரை சேர்த்து அவித்தது. வைத்தியர் புருவத்தை உயர்த்தினார். புல் மட்டும் தின்று பழகிய வயிற்றில் அது ஒரேயடியாய்ப் புளித்து அமிலமாகிவிடும் என்றார். எவ்வளவு தின்றது என்பதை வைத்துத்தான் வைத்தியம். கொஞ்சம் என்றால் அப்பச்சோடா கரைத்து ஊற்றினால் போதும். நிறைய என்றால் பெரிய குழாய் விட்டு வயிற்றைக் கழுவி எடுக்கவேண்டும். அதைச் சினைமாடு தாங்குமா என்று சொல்ல முடியாது. கழுவாமல் விட்டால் நாளைக்கு இரண்டும் இருக்காது.

"ஹவ் மச்?" என்று மாமியையே கேட்டார்.

"லிற்றில்," என்ற மாமி, மிதுனனுக்குத் தமிழில் சொன்னார்: "ஆறு மாடும் சேந்துதான் திண்டது."

வைத்தியர் அப்பச்சோடா வாளியை எடுத்தார்.

மிதுனன் மாமியைப் பார்த்தான். மாமியின் பார்வை பூட்ஸில் இருந்தது. அவனுக்குக் கோபம் வரவேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது.

"மாமி, உங்களைப் பேசமாட்டன். பேச எனக்குச் சீவனில்லை. அண்டாவில மிச்சம் இருந்ததோ?"

"இல்லை."

"மற்றதுகள் திண்டதோ?"

"அதுகளை விட்டாத்தானே." மாமி கையால் அதிபரைக் காட்டினார். "முழுக்க இதுதான் திண்டது தம்பி. அண்டாவைப் பறிச்சு எடுத்திருக்கலாம். நான் எடுக்கேல்லை. அவளின்ர மாடு, ஆசையாத் தின்னுதெண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். ஆகஸ்டுக்குப் பிறகு நான் சமைச்சதை ஒருத்தரும் அப்பிடிச் சாப்பிடேல்லை. நீங்களும் இல்லை, மாமாவும் இல்லை."

மிதுனன் திரும்பி, முழு அண்டா என்று வைத்தியரிடம் சொன்னான். அதன் அளவைக் கைகளால் காட்டினான். வைத்தியர் வாளியை வைத்துவிட்டு வண்டிக்கு ஓடினார்.

குழாய் தொண்டைக்குள் போனது. மிதுனன் தலையைப் பிடித்தான். மாமி வீட்டிலிருந்து வெந்நீரைச் சுமந்து சுமந்து வந்தார். ஊற்றுவதும் வடிப்பதுமாக மத்தியானம் ஆகிவிட்டது. கொட்டகை வாசல் பனியில் மஞ்சள் சோறும் பயறும் குவியலாய்க் கிடந்தன. கள்ளுப் போல மணம். கடைசியில் அப்பச்சோடாக் கரைசலை ஊற்றி, நல்ல புல் ஒரு கட்டு முன்னால் போட்டார்கள். அசைபோடத் தொடங்கினால் தப்பும் என்றார் வைத்தியர். வயிற்றில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். கன்று இன்னும் உதைக்கிறது, ஆனால் சில கிழமைக்கு எதுவும் நடக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருவரும் புல் கட்டுகளில் உட்கார்ந்தார்கள். மாமி பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்திருந்தார். கூடவே பாண், வெண்ணெய் தடவிய துண்டுகள். மிதுனன் ஒரு துண்டு தின்றான். இன்னொரு துண்டும் எடுத்தான். மாமி அதைப் பார்த்தார்.

"கண்டுக்குப் பட்டி முழுசா வருமோ?"

"தெரியாது."

"வராட்டில்?"

"இறைச்சிக்குத்தான் மாமி."

மாமி தலையாட்டினார். இத்தனை வருடமாக அந்தச் சொல்லை யாராவது சொன்னால் எழும்பி அடுத்த அறைக்குப் போகிறவர். றிச்மண்ட் ஹில் கோயிலில் எல்லோரிடமும் மகள் பால் மாடு வளர்க்கிறாள் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்.

மாமியின் கைபேசி அடித்தது. ஸ்பீக்கரில் கோயிலுக்கு வரும் ஒரு பெண்ணின் குரல். "பாலேஸ்வரி அக்கா, வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்கு உங்கட மாட்டுப் பட்டியில கொஞ்சம் பால் எடுக்கேலுமோ?"

அந்த நேரம் அதிபரின் கழுத்தில் ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஏறியது. தாடை பக்கவாட்டில் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. மிதுனன் மாமியின் கையைத் தட்டிக் காட்டினான்.

"அக்கா? கேக்குதோ?"

"கேக்குது," என்றார் மாமி, மாட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இஞ்ச பால் இல்லை பிள்ளை. உது இறைச்சிக்கு வளர்க்கிற மாடு. ஒண்டு கண்டுத்தாச்சி, சுகமில்லாமல் இருந்து இப்பதான் அசைபோடுது. நான் பிறகு எடுக்கிறன்."

வைத்துவிட்டார். மிதுனன் மூன்றாவது துண்டுப் பாணை எடுத்தான்.