பங்காருவுக்குப் போட்ட வெயில்

தேவசேனா கம்ப்யூட்டரில் செய்கிற ஆளெல்லாம் சாமியாகிவிடுவான். இது அவளைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பள்ளிக்கூட விளம்பரத்துக்கு ஒரு பையனைச் செய்யச் சொன்னால் பாலமுருகன் வந்து உட்கார்ந்திருப்பான். மளிகைக் கடைக்குச் செட்டியார் படம் கேட்டால் அவர் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் சுற்றும். திருத்தணி பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியறையில் அவள் கடை போட்டிருந்த இரண்டாயிரத்து நாலாம் வருஷத்தில் ஊருக்கு இதெல்லாம் புதுசு. அதனால் யாரும் குறை சொல்லவில்லை. மலையடிவாரத்தில் ஒரு சாமி கூடுதலாக இருந்தால் யாருக்கு நஷ்டம்?

நஷ்டம் பொதட்டூர்பேட்டை ராஜவேலு வழியாக வந்தது. தறி போட்டு லுங்கி நெய்து, அப்பா பங்காருவின் பெயரில் விற்கிறவர் அவர். லேபிளிலும் சுவரொட்டியிலும் நிற்க மீசை வைத்த ஓர் ஆள் அவருக்கு வேண்டும். அவனுக்கும் பங்காரு என்றே பெயர். நிஜ ஆளைப் போட்டோ பிடித்தால் அவனுக்கு வயசாகும், தொப்பை விழும், குடித்துவிட்டு வம்பில் மாட்டுவான். கம்ப்யூட்டரில் பிறந்தவன் என்றால் சொன்னபடி நிற்பான் என்பது அவர் கணக்கு. சென்னையில் ஒரு ஸ்டுடியோவிலும் சொல்லிவைத்திருந்தார். இரண்டில் அவருக்குப் பிடித்த படம் ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் அச்சுக்குப் போகும்.

தேவசேனாவுக்கு இதில்தான் கடையின் உயிர் இருந்தது. இந்த வேலை கைநழுவினால் கடையை மூடிவிட்டு, சென்னையில் அண்ணன் கிரிதர் வேலை பார்க்கும் அனிமேஷன் கம்பெனியில் சேர்வதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள். நாற்காலிகூடத் தயாராக இருந்ததாம். அங்கே போனால் யாரோ பெற்ற பிள்ளைக்கு நகம் வெட்டிக்கொண்டு காலம் தள்ள வேண்டும். நினைத்தாலே அவளுக்குக் கசந்தது. ஆனால் போக நேரும் என்று அவள் நம்பவே இல்லை. தன் கைமேல் அவளுக்கு அத்தனை தைரியம்.

பங்காரு தயாரானதும் ராஜவேலு மனைவி தேவகியோடு வந்தார். சரக்கைப் பார்த்து அனுப்புகிறவள் தேவகிதான். தேவசேனா திரையைத் திருப்பிக் காட்டினாள். முறுக்கு மீசையும் பச்சைக் கட்டம் போட்ட லுங்கியுமாகப் பங்காரு ஜொலித்தான். தேவகி பட்பட்டென்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"ஐயே, நா ஏன் கன்னத்துல போட்டுக்கினேன்?" என்று அவளே திகைத்தாள்.

ராஜவேலு தலையைச் சொறிந்தார். "சாமி லுங்கி கட்டிக்கினு நிக்கறா மாதிரி கீதும்மா. இத்த சொவுத்துல ஒட்டினா ஒண்ணுக்குப் போறவன் நிக்கமாட்டான், வாஸ்தவந்தான். லுங்கி வாங்கறவனும் நிக்கமாட்டானே!"

"பட்டாட்டம் மினுக்குது கண்ணு," என்றாள் தேவகி. "இதுல கைய தொடைக்க மனசு வருமா? மடிச்சுக் கட்டத்தான் வருமா?"

தேவசேனாவுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் குரல் இறங்கவில்லை. "திங்கக்கிழமை வாங்கோ. உங்க லுங்கி ஒண்ணு குடுத்துட்டுப் போங்கோ," என்றாள்.

போனில் கிரிதர் சிரித்தான். "இதுக்கா அழறே? ஃபோட்டோஷாப்ல போட்டு நிறத்தை இறக்கு. பளபளப்பை மேலே பூசி மறைச்சுடலாம்."

"நான் ஒண்ணும் அழலை. எனக்குக் கோபம்," என்று போனை வைத்தாள்.

அவன் சொன்னதையும் செய்து பார்த்தாள். மினுக்கு இறங்கியது, கூடவே முகமும் சாம்பல் பூத்தது. சாமி சாமியாராகிவிட்டார். வெந்தது சரியில்லாத சோற்றுக்கு மேலே நெய் ஊற்றி என்ன பயன்? பிசகு அடியில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் வார்த்த மூல உருவத்தைத் திறந்து, அதைச் சுற்றிப் போலி விளக்குகளை எங்கெங்கே வைத்திருக்கிறோம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

முகத்துக்குச் சற்றுக் கீழே, முன்னால், மஞ்சளாக ஒன்று. இரண்டு பக்கமும் துணைக்கு இரண்டு. தலைக்குப் பின்னால் பிரகாசமாக ஒன்று. பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் குடும்பம் மலைமேல் கோயில் மடைப்பள்ளியில் பரம்பரையாகச் சமைக்கிற குடும்பம். நைவேத்தியம் உள்ளே போனதும் தீபாராதனை. நடக்கப் பழகிய நாள் முதல் அவள் அசையாமல் நின்று பார்த்த முகம் என்றால் அது கற்பூரத் தட்டுக்கு மேலே தெரிந்த முகந்தான். கீழே தட்டு, பக்கங்களில் குத்துவிளக்கு, பின்னால் பளபளக்கும் திருவாசி வளைவு. லுங்கிக்காரனுக்கும் அவள் கை தானாகப் போய் அதே தீபாராதனையைக் காட்டியிருக்கிறது. சிரிப்பு அடங்கியதும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

எல்லா விளக்கையும் அணைத்தாள். திரை கறுத்தது. மத்தியான வெயிலில் படியிறங்கி பஸ் நிலையத்துக்குப் போனாள். டீக்கடை ஓரத்தில் மூட்டை தூக்குகிற ஒருவர், பச்சை லுங்கியை மடித்துக் கட்டிக் குந்தியிருந்தார். வெயில் ஒரு தோளில் மட்டும் சுள்ளென்று விழுந்தது. மற்ற இடமெல்லாம் வானத்து வெளிச்சம், நிழலில்கூட லேசான நீலம். தாடைக்கு அடியிலோ லுங்கியின் பச்சை மெல்ல ஏறியிருந்தது.

"இன்னாம்மா அப்புடிப் பாத்துகினு கீற?" என்றார் அவர்.

"உங்க தாடையை," என்றாள் தேவசேனா.

அவர் கூச்சத்தோடு தாடையைத் தடவிக்கொண்டார். "செரைச்சு நாளாச்சும்மா."

வெளிச்சம் ஒன்றில் பட்டு இன்னொன்றில் தெறிப்பதைத் தானே கணக்குப் போடும் வசதி அவளுடைய மென்பொருளிலேயே இருந்தது. ஆனால் அவளிடமிருந்த கம்ப்யூட்டரில் அதைப் போட்டால் பங்காரு அடுத்த ஆடிக் கிருத்திகைக்குத்தான் வருவான். அதனால் அவள் கையாலேயே தெறிக்கவிட்டாள். மேலே சாய்வாக ஒரு சூரியன். வானத்துக்குப் பதில் கூடாரம் போலச் சுற்றிலும் மங்கலான நீல விளக்குகள். இடுப்பருகே கஞ்சத்தனமாக ஒரு பச்சை விளக்கு. தேவகி கொடுத்த லுங்கியை ஸ்கேனரில் வைத்து நிஜ நூலையே துணியாகப் போர்த்தி, மடித்துக் கட்டிவிட்டு, துணியின் மினுக்கை அடியோடு எடுத்தாள். பிறகு ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் கம்ப்யூட்டரைத் தனித்தனிப் படம் எடுக்கவிட்டாள். ஃபோட்டோஷாப்பில் அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வெயிலைக் கொஞ்சம் கூட்டி, பச்சையைக் குறைத்து, உப்பு பார்ப்பதுபோல் பதம் பார்த்தாள். சமையல் ஒரு பாத்திரத்தில், பரிமாறுவது இன்னொன்றில். இது அவள் வீட்டுக்குப் புதுசா என்ன?

திங்கட்கிழமை ராஜவேலு சென்னைப் படத்தையும் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார். அதில் ஆளைச் சுற்றி நீல வெளிச்சம், மீசை நுனியில் நட்சத்திரம், உடம்பெல்லாம் மழையில் நனைந்த மினுக்கு. "இதுவும் ஷோக்காத்தாம்மா கீது," என்றார் பட்டும்படாமல்.

தேவசேனா திரையைத் திருப்பினாள்.

தேவகியின் வலது கை மேலே எழும்பியது. போச்சு, மறுபடியும் கன்னத்துக்குத்தான் போகிறது, கடை போச்சு என்று நினைத்தாள் தேவசேனா. ஆனால் கை கன்னத்துக்குப் போகவில்லை. நேராகத் திரைக்குப் போய், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக லுங்கியின் ஓரத்தைப் பிடித்து நிமிண்டப் பார்த்தது. டப்பா மானிட்டரின் கண்ணாடியில் சுரீரென்று மின்சாரம் தட்ட, தேவகி "ஸ்ஸ்" என்று கையை உதறினாள்.

"நம்ம நூலுதான்," என்றாள் புருஷனிடம். "பாரு, மடிச்சுக் கட்டிக்கினு எங்கியோ வேலைக்குக் கெளம்பிட்டான். நீ இன்னா இன்னும் யோசிச்சிகினு கீற? அச்சுக்குக் குடு."

ராஜவேலு சென்னைப் படத்தை மறுபடி சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கே தேவசேனா கிரிதரைக் கூப்பிட்டாள். "அண்ணா, அந்த நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடு."

"அப்படி என்ன புது சாஃப்ட்வேர் போட்டே?"

"எல்லாம் பழசுதான். விளக்கைத்தான் இடம் மாத்தினேன்."

ஆடிக் கிருத்திகையன்று பஸ் நிலையத்துச் சுவர் நெடுகப் பங்காரு நின்றான். காவடியும் பம்பையுமாகக் கூட்டம் அவனைத் தாண்டி மலைக்குப் போய்க்கொண்டே இருந்தது. எதிர்ப்பக்கம் நின்று தேவசேனா ஒவ்வொருவர் கையும் கன்னத்துக்குப் போகிறதா என்று பார்த்தாள். ஓர் ஆள் பங்காருவின் காலிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைத் தின்று முடித்தான். விரலைத் தன் லுங்கியில் துடைத்தான், திரும்பி நிமிர்ந்து பங்காருவின் லுங்கியைப் பார்த்தான், பக்கத்தில் இருந்தவனிடம் விலை கேட்டான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மலைமேல் தீபாராதனை மணி அடித்தது. தேவசேனா பங்காருவுக்கு முதுகைக் காட்டி, மலைப்பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.