வெற்று ஓரம்

1.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு காகிதத்தின் வெற்று ஓரத்திலிருந்து வந்தது. எங்கள் சபையில் மொத்தம் பதினொரு பேர். ஞாயிறு ஆராதனைக்கு வராதவர்களுக்கு அந்த வாரத்துச் சபைத் தாளைத் தபாலில் அனுப்புவது வழக்கம். மடித்து, தபால்தலை ஒட்டி, ஓரத்தில் ஆறுதலாக ஒரு வரி எழுதுகிறவள் டொயோமி. மூன்று வாரமாக ஒருத்திக்கு மட்டும் அந்த வரியை எழுதாமல் அனுப்புகிறாள்.

முதல் தொடக்கம்: "ஜப்பானின் அக்கிதா கடற்கரையில் பனி—" வேண்டாம். பனியை வைத்துத் தொடங்கினால் எழுதுகிறவருக்குச் சோம்பல் என்று அர்த்தம்.

இரண்டாவது: "டொயோமிக்கு வயது அறுபத்திரண்டு. அடுத்தவருக்குத் தைரியம் சொல்வதில் சளைக்காதவள்." இது பரவாயில்லை.

2.

டொயோமிக்கு சிகுசா என்றொரு சிநேகிதி. கணவர் இறந்தபிறகு சிகுசா சபைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். டொயோமி விடவில்லை. "தைரியமா இருங்க, உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று வாரம் தவறாமல் எழுதினாள். [சிகுசாவை நல்லவளாகக் காட்டப் பார்க்கிறேன். சரிப்பட்டு வரவில்லை.]

ஒருநாள் கடையில், முள்ளங்கிக் குவியலுக்குப் பக்கத்தில் இருவரும் எதிர்ப்பட்டார்கள்.

"இளைச்சுட்டீங்களே சிகுசா சான். சாப்பிடுறீங்களா இல்லையா?"

"சாப்பிடுறேன். டொயோமி சான், வாராவாரம் தைரியம் தைரியம்னு எழுதுறீங்களே, அது இருந்தா நான் வெச்சுக்க மாட்டேனா? படிக்கிறப்பல்லாம் பரீட்சையில ஃபெயிலான மாதிரி இருக்கு."

"அப்ப என்ன எழுதட்டும்?"

"ஒண்ணும் எழுத வேணாம்."

டொயோமி கையிலிருந்த முள்ளங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரிங்க. தாளையாவது அனுப்பலாமா?" என்றாள்.

3.

படர்க்கையில் எழுதித் தப்பிக்கப் பார்த்தேன். சிகுசா நான்தான்.

கேட்டபடியே வெற்றுத் தாள் வந்தது. முதல் வாரம் நிம்மதியாக இருந்தது. இரண்டாம் வாரம் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். உறைக்குள் விரலை விட்டுத் துழாவினேன். அந்த வரி எனக்கு எரிச்சல் மூட்டியது உண்மை. அதற்காக ஏங்கிப் போனதும் உண்மை. வாரத்துக்கு ஒருமுறை ஒருத்தி என்னை நினைத்துப் பேனாவை எடுத்தாள். அதைத்தான் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

(அடிக்குறிப்பு: என் கணவர் இருந்திருந்தால், "உன் வாய் இருக்கே..." என்று ஆரம்பித்திருப்பார். மீதியை அவர் எப்போதும் சொல்லி முடித்ததில்லை.)

இன்று காலை வந்த தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்தில் பென்சிலால் எழுதி அழித்த தடம். ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து தடவை எழுதியிருக்கிறாள். தேறியது இவ்வளவுதான்: "பக்கத்துல உங்க குரல் இல்லாம பாட்டுப் பாட—"

பத்தொன்பது வருடம் ஒரே பாட்டுப் புத்தகத்தை இருவரும் பிடித்துக்கொண்டு நின்றோம். எனக்காக ஜெபித்தவளுக்காக நான் ஒருநாளாவது ஜெபித்தேனா? யோசித்துப் பார்க்கிறேன். இல்லை.

4.

முடிவுகள்.

சிகுசா சபைக்குள் நுழைகிறாள், பத்துப் பேரும் திரும்பி— பொய். அத்தனை கண்களை என்னால் இன்னும் தாங்க முடியாது.

டொயோமி என் வாசலில் வந்து நிற்கிறாள். இதுவும் வேண்டாம். எப்போதும் அவளே வர வேண்டுமா?

நான் அவளுக்கு ஒரு வரி எழுதுகிறேன்: "தைரியமா" (அடித்துவிட்டேன்). "டொயோமி சான், நீங்க இல்லாம எனக்கு"

அதற்கு மேல் வரவில்லை. தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்திவிட்டேன். அடித்துக்கொண்டே இருக்கிறது. அவள் மாடியிலிருந்து இறங்கி வர நேரமாகும் என்பதால் இந்த நாலு வரியை எழுத முடிந்தது. இதோ, எடுத்துவிட்டாள். "யாருங்க?" என்கிறாள். பேனாவைக் கீழே வைக்கிறேன். நான் என்ன சொன்னேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவளைக் காக்க வைக்க எனக்கு மனமில்லை.