ஜான்சி அக்காவின் கடைசி நடை

கட்கி கண்டோன்மென்ட் சாலை வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் இடம் பிடித்துவிடுவேன். ஒரு காலத்தில் தினமும் விடியற்காலையில் ஜான்சி அக்கா அந்தச் சாலையில் நடைப்போட்டிக்குப் பயிற்சி எடுத்தாள். தங்கையான நான் சைக்கிளில் பின்னால் போவேன். அவள் இடுப்பு இரண்டு பக்கமும் ஒடிந்து ஒடிந்து அசையும். கைகள் நெஞ்சுக்கு முன்னால் பறக்கும். ஓடுகிறவர்களைக்கூட முந்திவிடும் நடை அது. பால்காரர்கள் மராத்தியில் "ஏ பதக்!" என்று வாத்துபோல நடந்து காட்டிச் சிரிப்பார்கள். அவள் மாநிலச் சாம்பியன் ஆன பிறகும் சிரித்தார்கள்.

"சிரிக்கட்டும்ட்டி. வேகமா நடந்தா அந்தச் சத்தமெல்லாம் பின்னாடி போயிரும்லா" என்பாள்.

அப்பா ஜெபமணி வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அவர் போட்டிக்கு வரக்கூடாது என்று அக்கா தடை போட்டிருந்தாள். வந்தபோதெல்லாம், எத்தனை சொன்னாலும் கடைசிச் சுற்றில் தன்னை மறந்து, "ஓடு பிள்ள, ஓடு!" என்று கத்திவிடுவார். நடைப்போட்டியில் அதைவிடக் கெட்ட வார்த்தை இல்லை. நடுவர்கள் உடனே குனிந்து அக்காவின் கால்களைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அவளுடைய கடைசிப் போட்டியும் அதே சாலையில்தான் நடந்தது. மூட்டு தேய்ந்துவிட்டது, இதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அத்தனை வருடங்களில் ஒருமுறைகூட நடுவர்கள் அவளை வெளியேற்றியதில்லை. அன்றும் தோற்றாலும் சரி, வெளியேற்றப்படாமல் கோட்டைத் தாண்டிவிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கும் கால் மடங்கக்கூடாது. தவறினால் நடுவர் சிவப்பு அட்டை எழுதுவார். மூன்று நடுவர்கள் எழுதிவிட்டால் வெளியே. பாதித் தூரத்திலேயே, பலகையில் அக்காவின் எண்ணுக்கு எதிரே இரண்டு சிவப்பு அடையாளங்கள் விழுந்துவிட்டன. இரண்டுமே மூட்டு மடங்கியதற்கு.

தண்ணீர் மேஜையில் நின்றிருந்த நான் நனைத்த ஸ்பாஞ்சை நீட்டினேன். "அக்கா, ரெண்டு!"

"பாத்தேன். மெதுவாப் போறேன்."

சொன்னபடியே வேகத்தைக் குறைத்தாள். சிஞ்ச்வட்டைச் சேர்ந்த ப்ரீதி, பல வருடங்களாக அக்காவுக்குப் பின்னாலேயே வந்து இரண்டாம் இடம் வாங்கியவள், "ஸாரி தீதி" என்று சொல்லிக்கொண்டே கடந்து போனாள்.

அப்படியே வந்திருந்தால் வெள்ளிப் பதக்கத்தோடு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம். ஆனால் கடைசி வளைவில் திரும்பியதும் அக்காவின் முகம் மாறியது. தோள்கள் இறங்கின, கைகள் மறுபடி பறந்தன. அவ்வளவு அழகாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை. ப்ரீதியைவிட ஓர் ஆள் தூரம் முன்னதாகக் கோட்டைத் தாண்டினாள்.

தாண்டினால் முடிந்துவிடாது. நடுவர்கள் எழுதிய அட்டைகள் எல்லாம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். இருவரும் சாலையோரத்தில் அருகருகே உட்கார்ந்தார்கள். ப்ரீதி ஓர் ஆரஞ்சை உரித்துப் பாதியை அக்காவிடம் கொடுத்தாள்.

"ஏன்க்கா? மெதுவாப் போறேன்னுதானே சொன்ன?" என்று தமிழில் கேட்டேன்.

"என்னமோ தெரியலட்டி. இவ முதுகை நான் இதுக்கு முன்னால பாத்ததே இல்ல. பாக்கப் பிடிக்கல."

"மூட்டு?"

"மடங்கிச்சு. எனக்கே தெரிஞ்சுது." கொட்டையைத் துப்பிவிட்டு ப்ரீதியைப் பார்த்துச் சிரித்தாள். எதுவும் புரியாமல் அவளும் சிரித்தாள்.

தலைமை நடுவர் வந்து அக்காவுக்கு முன்னால் நின்று வெளியேற்றத்துக்கான சிவப்பு மட்டையைக் காட்டினார்; மூன்றாவது அட்டையும் வந்திருந்தது. அக்கா எழுந்து நின்று, "தேங்க் யூ சார்" என்றாள். ஜெயித்த ப்ரீதிதான் அழுதாள். அக்கா அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த ஆரஞ்சு நாரை எடுத்துப் போட்டாள்.

அதற்குள் என் ஃபோனில் அப்பா கூப்பிட்டார். அக்காவிடம் கொடுத்தேன். அவர் சத்தம் எனக்கும் கேட்டது.

"என்னாச்சு பிள்ள? யாரு ஃபர்ஸ்ட்?"

"நாந்தாம்பா ஃபர்ஸ்ட் வந்தேன்."

"அப்படிப் போடு!"

"ஆனா ப்ரீதிதான் ஜெயிச்சா."



"அதெப்படி பிள்ள?"

"வீட்டுக்கு வந்து சொல்லுதேன். சாய் போட்டு வைங்க."