குப்பம்மா நிறுத்தாத வேலை

குப்பம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த மறுநாள் காலை, வியாசர்பாடி ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடியில் அவள் வீட்டுக் குடங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. சோறு வடித்திருந்தது. புருஷன் கோதண்டத்தின் டிபன் பாக்ஸ் கட்டி வாசல் பக்கம் வைத்திருந்தது. துக்கத்துக்கு வந்த ஆம்பளைங்க வாயைப் பிளந்தார்கள். பொம்பளைங்க யாரும் அசரவில்லை. "செத்தா மட்டும் லீவு வுட்ருவாங்களா?" என்றாள் எதிர்வீட்டு அன்புக்கரசி. சொல்லிவிட்டுத் தன் குடத்தை எடுத்துக்கொண்டு லாரித் தண்ணிக்கு இறங்கிப் போனாள்.

கோதண்டம் லேசுப்பட்ட ஆளில்லை. திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் சங்கச் செயலாளர். கேட் மீட்டிங்கில் நின்று, எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம் வேலை வாங்கினாலும் ஓவர்டைம் எடுத்து வை என்று பேசினால் முதலாளிக்கு வயிறு கலங்கும். நல்ல மனுஷன்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் சம்சாரம் என்ன வேலை பார்க்குது என்று யார் கேட்டாலும், "வூட்ல சும்மாதான் கீது" என்பார். இப்போதும் அந்த டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். மாசக்கணக்கில் அப்படித்தான் போனார். துவைத்த சட்டை கொடியில் தொங்கியது, எடுத்துப் போட்டுக்கொண்டார். கொடுத்து வைத்தவன் என்று தோஸ்துங்க பொறாமைப்பட்டார்கள்.

ஒரு விடியலில் சீக்கிரம் முழிப்பு வந்துவிட்டது. தண்ணிக்குடத்தோடு யாரோ படியேறி வருகிற சத்தம். எட்டிப் பார்த்தால் ஆள் இல்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் குடத்தை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. உயிரோடு இருந்தபோது முட்டி வலி தாங்காமல் குப்பம்மா உட்காருவாளே, அதே இடம். செத்தும் அந்த வலி அவளை விடவில்லை என்று அப்போதுதான் மனுஷனுக்குத் தெரிந்தது. அந்த முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லையே, பாவி.

"நீதான் செத்துப் பூட்டியே குப்பு, இன்னும் இன்னாத்துக்குக் கஸ்டப்பட்ற? போய்ப் படு" என்று வெறும் வீட்டைப் பார்த்துக் கெஞ்சினார். வேலை நிற்கவில்லை. மாத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் மகிழினி வந்தவள், "நீ கைய வெச்சாத்தான் அது கைய எடுக்கும் நைனா" என்றாள். அதையும் செய்து பார்த்தார். அவர் குடத்தைத் தேடுவதற்குள் குடம் நிரம்பியிருக்கும். குழம்பு வைத்துவிட்டுத் திரும்பினால், விட்டுப்போன உப்பு விழுந்திருக்கும். எப்பேர்ப்பட்ட முதலாளியையும் மடக்கத் தெரிந்தவருக்கு இவளைத் தடுக்க வழி தெரியவில்லை. அடுத்த கேட் மீட்டிங்கில் எட்டு மணி நேரம் என்று சொல்ல வாயெடுத்தவர், அதைச் சொல்லாமலே பாதியில் இறங்கிவிட்டார்.

வேலையைப் பிடுங்க முடியாவிட்டால் போகிறது, கொஞ்ச நேரம் உட்காரவாவது வைப்போம் என்று நினைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம், கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாகக் குப்பம்மாவுக்கு டீ போட்டார். ஜன்னலோரம் வைத்துவிட்டு, நிம்மதியாகக் குடிக்கட்டும் என்று வெளியே போய் நின்றுகொண்டார். அப்புறம் உள்ளே வந்து பார்த்தார். டீயைக் குடித்திருந்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். பக்கத்தில், அவர் டீ போட்டு அப்படியே விட்டுப்போன பாத்திரத்தையும் தேய்த்து வைத்திருந்தாள்.