அஞ்சரைக் கட்டை

குருநாதன் எழுந்தான். வாசல் தெளித்தான். உப்புக்காற்றில் விறைத்துப்போயிருந்த வேட்டியைக் கொடியிலிருந்து உருவி உதறினான். அடுப்பைப் பற்றவைத்து, மிளகையும் பனங்கற்கண்டையும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்து, இரண்டு தம்ளர்களில் ஊற்றினான். ஒன்றைக் குடித்தான். மற்றதை ஆறவிட்டு முருங்கைத் தூரில் கொட்டினான். மனைவி செத்து ஒரு வருஷமாகப் போகிறது. காலை இப்படித்தான் போகிறது. இனி மண்டபம் ஸ்டேஷனுக்குப் போய் தனுஷ்கோடி வண்டிக்கு டிக்கெட் கொடுக்க வேண்டும். சட்டையை மாட்டும்போது ஆர்மோனியக்காரர் தங்கசாமி வந்து நின்றார்.

"மாப்ள, ஞாயித்துக்கெழம சிக்கல் ஊருல நாடகம். தங்கச்சி வருசத்துக்காக ஊர்க்காரங்களே வைக்கிறாங்க. நீங்க மேடையேறி ரெண்டு வார்த்த பேசணும்."

"எனக்குப் பேச வராது மச்சான்."

"பேச வேணாம். தங்கச்சி கடைசியாச் சொன்னத மைக்குல சொன்னாப் போதும். 'சபையோரே, போயிட்டு வாரேன்'னு பாடிக்கிட்டே உசுர விட்டுச்சுன்னு ஜில்லா பூராம் பேச்சு. நோட்டீசுலயும் போட்டாச்சு."

"யாரு சொன்னா?"

"ஒங்க பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவிதான். அன்னைக்கு விடியயில இங்கன பாட்டுச் சத்தம் கேட்டாகளாம். நோவுல தொண்ட கம்மி, ஆம்பளக் கொரலாட்டம் இருந்துச்சாம், பாவம்."

குருநாதன் போட்ட சட்டைக்குப் பித்தான் மாட்டாமல் உட்கார்ந்துவிட்டான்.

அவன் மனைவி சண்முகவள்ளி நயினார்கோவில் பக்கம் கூலிக்காரர் வீட்டுப் பெண். நடவு வயலில் அவள் பாடுவதைக் கேட்டு நாடகத்தில் சேர்த்துவிட்டவர் இதே தங்கசாமிதான். தோழி வேஷம் கட்டினாள். சீக்கிரமே ராணி வேஷம் அவளுக்கு வந்தது. மதராஸுக்குப் போய்ப் பாடிக்கொடுத்த இசைத்தட்டு பாம்பன் டீக்கடை வரைக்கும் சுற்றியது. அதில் ஒன்றும் குருநாதனுக்குத் தெரியாது. அவன் பி.ஏ. முடித்து ரயில்வேயில் சேர்ந்த புதிது. ஒருநாள் டிக்கெட் ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள். கும்பிட்டாள். ஒரு விரலைக் காட்டி, ராமநாதபுரம் இருக்கும் திசையில் கையை நீட்டினாள். ஊமை என்று நினைத்தான். இரக்கப்பட்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டு வண்டி நேரத்தைச் சொன்னான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போனாள். அழுகிறாள் என்று நினைத்தான்.

அடுத்த நாள் உத்தரகோசமங்கைத் திருவிழாவுக்குப் போனான். இரவெல்லாம் நடந்த நாடகம் முடிகிற நேரம், கிழக்கு வெளுத்துவிட்டது. சரியாக அப்போது பாட்டரி தீர்ந்து மைக் நின்றது. கூட்டம் கூச்சல் போட்டு எழுந்தது. மேடையில் ராணி வேஷத்தில் நின்றவள் தங்கசாமியைப் பார்த்தாள். அவர் அஞ்சரைக் கட்டையில் சுருதி வைத்தார். ஆண்கள் எட்டிப் பிடிக்கவே பயப்படும் உயரம். அவள் வாயைத் திறந்தாள். குருநாதன் கடைசி வரிசையில் நின்றிருந்தான். கட்டிய மாடுகள் தலையைத் தூக்கின. தூங்கின பிள்ளைகள் அழாமல் எழுந்து உட்கார்ந்தன. குரல் தலைகளுக்கு மேலே போய், கோபுரத்தில் பட்டு, திரும்பி அவன் பின்னாலிருந்தும் வந்தது. எழுந்தவர்கள் எல்லோரும் எப்போது உட்கார்ந்தார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம்தான் முகத்தைக் கவனித்தான். ஜன்னலில் நின்ற ஊமைப்பெண்.

நாடகத்துக்கு ஒப்புக்கொண்டு வெற்றிலை வாங்கிவிட்டால், தொண்டையைக் காக்க, வேஷம் கட்டும் வரைக்கும் அவள் வாய் திறக்கமாட்டாள். எல்லாம் கை ஜாடைதான். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே. ஊருக்கெல்லாம் குரலைக் கொடுத்துவிட்டு அவனுக்கு விரல்களைக் கொடுத்தாள். அவனுக்கு அது குறையாகப் படவில்லை. அந்தக் குரல் தன் வீட்டில் தூங்குகிறது என்பதே அவனுக்கு நம்பமுடியாததாக இருந்தது. நாடகமில்லாத நாட்களில் வட்டியும் முதலுமாகப் பேசித் தீர்ப்பாள். "ஊமச்சியக் கட்டுனா வாயாட மாட்டான்னு நெனச்சுத்தான கட்டுனீங்க?" என்பாள்.

போன வருஷம் சிக்கலுக்கு வெற்றிலை வாங்கிய மறுநாள் காய்ச்சல் வந்தது. டைபாய்டு என்றார்கள். நாடகத்துக்குப் போகமுடியாது என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. தண்ணீர் கேட்கவும் ஜாடை. வலி என்று சொல்லவும் ஜாடை.

"மாப்ள?" என்றார் தங்கசாமி.

"நோட்டீச மாத்துங்க மச்சான். அவ பாடல."

"அப்ப ரம்ஜான் பீவி கேட்டது?"

"அது நாந்தான்."

தங்கசாமி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். "நீங்களா? பாம்பன்னு கூவுறதுக்கே சுருதி சேராதே ஒங்களுக்கு!"

குருநாதன் சிரித்தான். சிரித்துவிட்டோம் என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சிக்கலுக்கு வாரேன். ஆனா அவ சொன்னதத்தான் சொல்லுவேன்."

"என்னதான் சொல்லுச்சு?"

அன்று விடியும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு கட்டில் சட்டத்தில் விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள். முதல் பாட்டை மனசுக்குள் ஓட்டுகிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. பாதி அடியில் விரல் நின்றது. அவன் காத்திருந்தான். விரல் அசையவில்லை. பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துக்குக்கூட வாயை மட்டும் அசைத்தவன், என்ன செய்வது என்று தெரியாமல், அவள் விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தான். சத்தமாகவே பாடினான். ஜன்னலுக்கு வெளியே கடல் வெளுத்துக்கொண்டிருந்தது. விரல் ஒருமுறை சட்டத்தில் விழுந்தது. இன்னொரு முறை விழுந்தது. அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். வெற்றிலை வாங்கிய பிறகு அவள் வாய் திறந்து அவன் பார்த்ததேயில்லை.

"அரைக் கட்ட எறங்கிருச்சு. பரவால்ல, பாடுங்க."