வால் வண்டி

மலேசியாவில், ரந்தாவ் பட்டணத்தைத் தாண்டி, செம்பனை மரங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் வரிசை வீடுகளில் கடைசி வீட்டின் இரும்புக் கதவில் ஒரு பலகை தொங்கும்: ‘கிராணி இராஜமாணிக்கம், நூலாசிரியர்’. அவர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த தோட்டத்தை முதலாளிகள் விற்றுவிட, மரங்கள் சாய்ந்து, அங்கே ஒரு புதுநகரம் எழும்பிவிட்டது. நூலோ இன்னும் எழுதப்படவில்லை. ஆகப் பலகையில் இருந்த மூன்று சொற்களில் உண்மையாக மிஞ்சியது நடுவில் இருந்த பெயர் மட்டும்தான்.

எழுதப்பட வேண்டிய நூல், அந்தத் தோட்டத்தின் வரலாறு. எழுதச் சொன்னது ‘முன்னாள் தோட்ட மக்கள் நல்வாழ்வு மறுமலர்ச்சிப் பேரியக்கம்’. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அதன் உறுப்பினர்களை எண்ணி முடித்துவிடலாம். தலைவர் சுகுமாறன். செயலாளர் அவருடைய மனைவி. பொருளாளர் பதவிக்குத் தகுதியான ஆளை இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் நூலின் அட்டை மட்டும் எப்போதோ அச்சாகிவிட்டது. அதில் தலைவரின் படம் பெரிதாகவும், தோட்டத்தின் படம் சிறிதாகவும், ஆசிரியரின் பெயர் அதைவிடச் சிறிதாகவும் இருந்தன.

இராஜமாணிக்கத்தின் மனைவி மயிலம்மாள், மகள் குமுதவல்லியின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக ஜொகூருக்குப் போனவர். அந்தப் பிள்ளை இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறது. “இதோ வந்துடறேங்க” என்று போனில் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அவரை வரவிடாமல் யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை என்பதுதான் கிராணிக்குச் சங்கடம்.

மாமனார் புத்தகம் எழுதுகிறார் என்று கேள்விப்பட்டு மருமகன் தன் பழைய கணினியைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தான். கூடவே, விளையாட்டுக்காக மேசையில் பொருத்தும் ஒரு ஸ்டியரிங்கும் இருந்தது. எங்கே தட்டினால் எழுத்து வரும் என்று தேடப்போன கிராணி, ஒரு லோரிப் படத்தைத் தட்டிவிட்டார். லோரி ‘பாம்’ என்று ஹார்ன் அடித்தது. அந்த வீட்டில் அவரைப் பார்த்து ஏதாவது ஒன்று சத்தம் போட்டு வெகுநாளாகியிருந்தது.

அதுமுதல் நூலாசிரியர் லோரி ஓட்டினார். வெள்ளைக்கார தேசமொன்றில், பனி கொட்டும் மலைச்சாலைகளில், பெயர் வாயில் நுழையாத ஊர்களுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் இணையத்தில் ஒன்று சேர்ந்து வரிசையாக ஓட்டும் தமிழ் ஆட்கள் சிலரோடு சேர்ந்துகொண்டார். அவர்களுக்கும் அந்த ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஆகவே முதல் டோல் சாவடிக்கு ‘பெடாஸ்’ என்றும், பெரிய பாலத்துக்கு ‘லிங்கி’ என்றும் தங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களை வைத்திருந்தார்கள்.

வரிசையின் முன்வண்டி சன்னாசி. வாரமெல்லாம் நிஜ லோரியில் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் இழுப்பவர்; லீவு நாளில் களைப்பு தீர பொய் லோரி ஓட்டுவார். இராஜமாணிக்கம் வால் வண்டி. இயற்கையிலேயே அவருக்குக் கீச்சுக்குரல். ஆபீசில் அந்தக் குரலை மறைக்க, பேசுமுன் கனமாக ஒரு தடவை செருமிக்கொள்வார். மைக்கில் செரும மறந்த முதல் நாளே சன்னாசி அவரை வாலிபனாக்கிவிட்டார்.

“தம்பி, புதுசா? பயப்படாத. கடைசியில வா. பின்னால எவனாவது முட்ட வர்றானான்னு மட்டும் பாத்துச் சொல்லு.”

தம்பி! ‘ஐயா’ என்று கூப்பிடாதவனுக்குச் சம்பள நாளன்று முகம் கொடுக்காத கிராணி, அந்தச் சொல்லைக் கேட்டுத் திருத்தத்தான் வாயைத் திறந்தார். “சரிண்ணே” என்று வந்துவிட்டது. அப்பா, சித்தப்பா, தன்னைவிட மூத்தவர்கள் என்று தம்பி சொல்லக்கூடிய எல்லாரும் போய்ச் சேர்ந்தபின் அவருக்குக் கிடைத்த ஒரே அண்ணன், அவர் மகளைவிட நாலைந்து வயது மூத்தவன். ஒவ்வொரு டோலிலும் சன்னாசி கேட்பார்: “தம்பி, பின்னால எவனாவது வர்றானா?” இவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “ஒருத்தனும் இல்லண்ணே, நான்தான் கடைசி.” ஞாயிறு பிற்பகல் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டுதான் ஓட்ட உட்காருவார். அங்கே அவரை யாரும் பார்க்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் திரை மினுக்கத் தொடங்கியது. கறுத்து, வெளுத்து, மறுபடி வரும். அதோடு படம் குறுக்கே கிழிந்தது: மேல்பாதி சாலை ஒரு பக்கம், கீழ்ப்பாதி சாலை இன்னொரு பக்கம். ஒரு வளைவில் எந்தப் பாதியை நம்புவது என்று தெரியாமல் கிராணி தனக்கு முன்னால் போன வண்டியை முட்டி, வரிசை மொத்தத்தையும் பனியில் சாய்த்தார்.

“டேய் தம்பி, தூக்கமா?” என்று சிரித்தான், செண்டாயான் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் புனிதன்.

சன்னாசி சிரிக்கவில்லை. “அடுத்த ஞாயிறுக்குள்ள சரி பண்ணிடு தம்பி. இல்லன்னா கோவிச்சிக்காத, வேற ஆளதான் வால்ல போடணும்.”

மறுநாளே கிராணி ரந்தாவில் உசைரின் கணினிக் கடைக்குப் போனார். பக்கத்திலேயே உசைரின் அத்தா ஜபருல்லாவின் சாப்பாட்டுக் கடை. அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் போகட்டும் என்று காத்திருந்து, பிறகு உள்ளே நுழைந்து செருமினார்.

“எழுதும்போது திரை மினுக்குது தம்பி. சில சமயம் குறுக்கால கிழியுது.”

“எழுதும்போதா அங்கிள்?”

“வரலாறு எழுதும்போது.”

உசைர் கையிலிருந்த திருப்புளியை வைத்தான். “எழுத்து கிழியாதுலா அங்கிள். வேகமா ஓடுற படம்தான் கிழியும். உங்க வரலாறு என்னா வேகத்துல போகுது?”

“எண்ப…” என்று வந்ததை விழுங்கிக்கொண்டார். “ஆராய்ச்சிப் படங்கள்லாம் இருக்கு” என்றார்.

“சரி, ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடைய சாத்திட்டு வீட்டுக்கு வரேன். நீங்க தூக்கிட்டு அலையாதீங்க.”

சொன்னபடி வந்தான். கிராணி ஸ்டியரிங்கைத் துண்டு போட்டு மூடி, வரலாற்றுக் கோப்பைத் திறந்து வைத்திருந்தார். உசைர் உட்கார்ந்து மேலிருந்து கீழே உருட்டினான். காணிக்கை. நன்றியுரை. ஆசிரியர் படத்துக்கு ஒரு கட்டம். ‘அத்தியாயம் ஒன்று: தோற்றம்’. அதன் கீழே ‘நமது தோட்டமானது’. அதற்குமேல் தோட்டம் எதுவும் ஆகவில்லை.

“இங்க மினுக்குறது இந்தக் கோடு ஒன்னுதான் அங்கிள்,” என்றான் உசைர், அடுத்த சொல்லுக்காகத் துடித்துக்கொண்டிருந்த கர்சரைக் காட்டி. “கிழியுறதக் காட்டுங்க. காட்டாம எப்படிப் பாக்குறது? அது என்னா துண்டுக்கு அடியில, வட்டமா?”

“பூஜைச் சாமான்.”

சுவர்க் கடிகாரம் சாயங்காலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. சன்னாசி சொன்ன ஞாயிறு இதுதான். கிராணி கொஞ்ச நேரம் துண்டைப் பார்த்தார்; பிறகு, ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றுகிறவர்போல் அதை எடுத்தார்.

உசைர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திட்டியாவது இருக்கலாம். லோரியைக் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லிப் பார்த்தான். பிறகு கணினியை அணைத்து, பின்னால் குனிந்து, திரைக்குப் போகும் கேபிளைப் பிடுங்கினான். அதன் முனையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூக்கருகே கொண்டுபோனான்.

“அங்கிள், இது என்னா, மஞ்சளா?”

“சந்தனம். ஆயுத பூஜைக்கு வச்சது.”

“வெளியில வச்சா பரவால்ல. வாய்க்குள்ளயா வைப்பாங்க?”

“ஆபீஸ் தராசுக்கு வச்சேன், டைப்ரைட்டருக்கு வச்சேன், அதுக்கெல்லாம் நெத்தி எதுன்னு தெரிஞ்சுது. இதுக்கு எது நெத்தின்னு தெரியல தம்பி. கழட்டிப் பாத்தேன், ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருந்துச்சு. ரெண்டுக்கும் வச்சிட்டேன்.”

“குங்குமம்?”

“அதுவும்தான்.”

உசைர் கணினியின் துளையையும் திரையின் துளையையும் பஞ்சுக் குச்சியால் பொறுமையாகச் சுரண்டித் துடைத்தான். காய்ந்த சந்தனம் துணுக்கு துணுக்காக உதிர்ந்தது. புதுக் கேபிளைச் செருகிக் கணினியைப் போட்டதும் மினுக்கல் நின்றது. பிறகு விளையாட்டின் அமைப்புகளைத் திறந்து, அதில் ஒரு கட்டத்தைக் காட்டினான்.

“இத யாரு ஆஃப் பண்ணா?”

“புனிதன்னு ஒரு பையன். ஆஃப் பண்ணா ஸ்டியரிங் லேசா இருக்கும்னான்.”

“அதான் கிழியுது. உள்ள இருக்கிற கார்டு படத்த அள்ளி அள்ளி அனுப்புது. திரை மேலேருந்து கீழ வரைஞ்சிட்டு வரும்போது பாதியிலயே அடுத்த படம் வந்து நிக்குது. அப்புறம் மேல பழசு, கீழ புதுசு. இத ஆன் பண்ணிட்டா, திரை ஒன்ன முழுசா முடிக்கிற வரைக்கும் அடுத்தது காத்திருக்கும்.”

“காத்திருந்தா லேட்டாகாதா?”

“துளியூண்டுலா. உங்களுக்குத் தெரியவே தெரியாது.”

காத்திருப்பதில் தனக்கு உள்ள அனுபவம் கிராணிக்கு வாய்வரை வந்தது. அதற்குள் ஒலிபெருக்கியில் சன்னாசியின் குரல் கேட்டது.

“தம்பி, வந்துட்டியா? திரை என்னாச்சு?”

“சரியாயிடுச்சுண்ணே,” என்றார் இராஜமாணிக்கம், செருமாமல்.

உசைர் திரும்பி அவரைப் பார்த்தான். இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்தான். விரலை உதட்டில் வைத்துத் தலையசைத்துவிட்டு, சாமான்களைச் சத்தமில்லாமல் பைக்குள் போடத் தொடங்கினான்.

வரிசை கிளம்பியது. படம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பனி, பனியாகவே விழுந்தது. சாலை ஒரே துண்டாக வந்தது. பெடாஸ் டோலில் சன்னாசி கேட்டார், இவர் சொன்னார். லிங்கி பாலம் தாண்டி, போன வாரம் எல்லாரும் கவிழ்ந்த மலை இறக்கம் தொடங்கியது. வாசலில் இரும்புக் கதவு கிறீச்சிட்டது.

“அங்கிள் வேலையா இருக்காரு, அப்புறம் வாங்க,” என்று உசைர் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது.

“வேலையா இருக்கும்போதுதான்லா படம் பிடிக்கணும்!” என்றது தலைவர் சுகுமாறனின் குரல். வீட்டுக்குள் பேசும் குரல் அவரிடம் கிடையாது. ஒரு கையில் சுருட்டிய நூல் வெளியீட்டுப் பதாகை, மறுகையில் வீடியோ ஓடும் போன். நடந்துகொண்டே பேச்சைத் தொடங்கிவிட்டார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! அறுபத்தொன்பது வயதிலும் சோர்வறியாமல், தள்ளாத உடம்போடு, தன்னந்தனியாக வரலாறு படைத்துக்கொண்டிருக்கும் நமது கிராணி ஐயா இராஜமாணிக்கம் அவர்களை…”

மைக் திறந்திருந்தது. அதை மூடும் பொத்தான் ஒரு முழத்தில்தான் இருந்தது. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தால் போதும். எடுத்தால் வண்டி போய் முன்னால் போகும் வண்டியில் மோதும், வரிசை கவிழும். கிராணி கையை எடுக்கவில்லை. வளைவை வளைவாக, திரை காட்டியபடி ஓட்டினார். பின்னால் தலைவர் அவருடைய பிறந்த ஆண்டு, சர்க்கரை வியாதி, பணி ஓய்வு எல்லாவற்றையும் இன, மொழி உணர்வோடு சொல்லி முடித்தார். இறக்கம் முடிந்தது.

அப்போதுதான் சுகுமாறன் திரையைப் பார்த்தார். “இது என்னா லோரி? ஆராய்ச்சியா?”

“விளையாட்டு.”

“புத்தகம்?”

“எழுதல.”

“ஒரு பக்கம்கூடவா?”

“இல்ல.”

இத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர் கோயில் திருவிழாவுக்குக்கூடப் பின்பக்கமாகப் போய் வந்தார். தலைவர் யோசித்தார். பதாகையைக் கொஞ்சம் விரித்து, தன் படம் கசங்கவில்லை என்று பார்த்துக்கொண்டார்.

“அட்டை இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்புறம் என்னாலா? உள்ள யாரு படிக்கப் போறா? வெள்ளைத் தாள வச்சி பைண்ட் பண்ணிடுவோம். மேடையில எவனும் பிரிச்சிப் பாக்க மாட்டான்.” கிராணியின் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினார். உசைரும் அவர் பின்னாலேயே போய், கதவை மெதுவாகச் சாத்தினான்.

ஒலிபெருக்கியில் வண்டிகளின் உறுமல் மட்டும் இருந்தது. கிராணி காத்திருந்தார். ‘டேய் கெழட்டுத் தம்பி’ என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். அதற்குத் தயாராகக்கூட இருந்தார்.

“ஐயா,” என்றான் புனிதன் கடைசியில். அவன் குரலில் மரியாதை புதுச்சட்டைபோல் விறைத்து நின்றது. “தெரியாம டேய்கீய்னு பேசிட்டேன். மன்னிச்சிடுங்க ஐயா.”

“நல்லா ஓட்டுனீங்க ஐயா,” என்றார் சன்னாசி. “இறக்கத்துல ஒரு ஆட்டம்கூட இல்ல. வால் இனிமே உங்களுக்குத்தான்.”

அதன்பின் யாரும் அதிகம் பேசவில்லை. வழக்கமாக ஓடும் கேலி, பெண்டாட்டி கதை, முதலாளியைத் திட்டுவது எல்லாம் பெரியவர் ஒருவர் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட வீட்டில்போல் அடங்கிப் போயின. அடுத்த டோல் வந்தது.

“ஐயா,” என்றார் சன்னாசி. “பின்னால யாராவது வர்றாங்களா, பாத்துச் சொல்றீங்களா?”

இராஜமாணிக்கம் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லாமல், மினுக்காமல், வெள்ளைச் சாலை முழுசாக நீண்டு கிடந்தது. அவர் கனமாக ஒரு தடவை செருமிக்கொண்டார்.

“யாரும் இல்ல,” என்றார்.